பேட்சின் பின்புறம்

விண்வெளிப் பயணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேட்ச் உண்டு. நான்கு அங்குல அகலத்தில், வட்டமாகவோ கேடய வடிவிலோ, பூத்தையலால் படம் போட்டு, ஓரத்தில் பயணிகளின் பெயர்களைச் சுற்றி எழுதி, மார்பிலோ தோளிலோ வைத்துத் தைத்துக்கொள்கிற சின்னம். இவற்றைச் சேகரிப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. தபால்தலை, நாணயம் சேர்ப்பவர்களைப்போல இவர்களும் பேதங்களைத் தேடுகிறவர்கள். ஒரே பேட்சின் பத்துப் பிரதிகளை வரிசையாக வைத்து, இதில் ஓரத்தையல் பருமன், இதில் நீலம் ஒரு சாயல் குறைவு, இதில் எழுத்துகள் நெருங்கி நிற்கின்றன என்று பிரித்துச் சொல்வார்கள். பின்புறம் பிளாஸ்டிக் பூச்சா, வெறும் வலைத்துணியா என்று திருப்பிப் பார்ப்பார்கள். புற ஊதா விளக்கின் கீழே பிடித்து, நூல் பளிச்சென்று ஒளிர்ந்தால் பிற்காலத்துச் சரக்கோ என்று சந்தேகப்படுவார்கள். நான் பழகிய சேகரிப்பாளர்களில் அநேகமாக எல்லோரும் ஆண்கள். தையலை இவ்வளவு கூர்ந்து பார்க்கிற ஆண்களை வேறெங்கும் நான் கண்டதில்லை.

அந்தக் கூர்மையின்மேல் எனக்கு மரியாதை உண்டு. குறையும் உண்டு. நான் புரட்டிய பட்டியல்களில் பயணத்தின் பெயர், ஆண்டு, தயாரித்த நிறுவனம், விட்டம், ஓரத்தின் வகை, பின்பூச்சு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. வடிவமைத்தவர் யார் என்பதற்கும் ஒரு கட்டம். அதில் பெரும்பாலும் ஒரு விண்வெளி வீரரின் பெயரும் அவருக்கு அந்த யோசனை எப்படித் தோன்றியது என்ற கதையும் இருக்கும். தைத்தவருக்குக் கட்டம் கிடையாது. பழந்தமிழில் தையல் என்றாலே பெண் என்று ஒரு பொருள் உண்டு. தையலின் பேதங்களையே சேகரிக்கிற ஒரு பொழுதுபோக்கு, அந்தப் பேதம் யார் கையிலிருந்து வந்தது என்று கேட்காமலே ஓடிக்கொண்டிருப்பது எனக்கு வேடிக்கையாகவும் எரிச்சலாகவும் இருக்கிறது.

பேதம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஓவியத்தை அப்படியே துணியில் ஏற்ற முடியாது. பஞ்சிங் செய்கிறவர் படத்தைப் பல மடங்கு பெரிதாக்கி, ஊசி எங்கே இறங்க வேண்டும், நூல் எந்தப் பக்கம் சாய வேண்டும், எங்கே அடர்த்தியாக நிரப்ப வேண்டும், எங்கே துணியை வெறுமனே விடலாம் என்று ஒவ்வொரு தையலாகத் தீர்மானிப்பார். ஒரே ஓவியத்தை இரண்டு பேர் பஞ்சிங் செய்தால் இரண்டு கழுகுகள் கிடைக்கும். பிறகு ஷிஃப்லி எனப்படும் நீண்ட இயந்திரத்தில் ஒரே நேரத்தில் பல பேட்சுகள் தைக்கப்படும். வெட்டி எடுத்த ஒவ்வொன்றையும் மெரோ இயந்திரத்தில் கொடுத்து, விரலால் சுற்றிக்கொண்டே வந்து ஓரத்தை மூட வேண்டும். சுற்றி முடித்த இடத்தில் நூல் ஒரு வால்போல நீண்டு நிற்கும். அதைப் பின்பக்கம் மடித்து ஒட்டுவார்கள். சேகரிப்பாளர்கள் அதைப் பன்றிவால் என்கிறார்கள். அந்த வால் எங்கே விழுகிறது என்பது, சுற்றியவர் எந்த இடத்தில் தொடங்கினார் என்பதைப் பொறுத்தது. அதாவது, ஒரு ஆளின் கைப்பழக்கம்.

ஷிஃப்லி இயந்திரத்தை 1863இல் உருவாக்கியவர் சுவிட்சர்லாந்தின் ஈசாக் க்ரோப்லி. ஷிஃப்லி என்றால் அந்த ஊர் ஜெர்மனில் சிறிய படகு. உள்ளே ஓடும் நாடாவின் வடிவம் படகுபோல இருப்பதால் அந்தப் பெயர். தமிழிலும் தறி நாடாவுக்கு ஓடம் என்று ஒரு பெயர் உண்டு. விண்வெளி ஓடம் என்று நாம் மொழிபெயர்த்தபோது தற்செயலாகத் தறிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டோம். ஆங்கிலத்தில் ஷட்டில் என்பதும் முதலில் தறிச் சொல்தான். 1970களின் தொடக்கத்திலிருந்து நாசாவின் பேட்சுகளைத் தைத்து வரும் ஏ-பி எம்ப்ளம் நிறுவனம் இருப்பது வட கரோலினாவின் வீவர்வில் என்ற ஊரில். பெயர்ப் பொருத்தம்கூடத் தற்செயல்தான்.

நான் படித்த பள்ளியில் கைத்தொழில் வகுப்பு என்றால் பையன்களுக்குத் தச்சு, எங்களுக்குச் சங்கிலித் தையலும் காம்புத் தையலும். டீச்சர் முதலில் துணியைத் திருப்பிப் பின்புறத்தைத்தான் பார்ப்பார். முடிச்சு எத்தனை, நூல் எங்கே தாவியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மதிப்பெண். ஒரு பேட்ச் கைக்கு வந்ததும் நான் திருப்பிப் பார்ப்பது இந்தப் பழக்கத்தால்தான்.

அப்பல்லோ பேட்சுகளைத் தேடி அலைகிறவர்களுக்குத் தெரிந்த, மற்றவர்களுக்கு ஆச்சரியம் தருகிற ஒரு செய்தி: நிலவுக்குப் போன உடைகளின் மார்பில் இருந்த சின்னம் பூத்தையல் அல்ல. 1967 ஜனவரி 27 அன்று அப்பல்லோ 1 கலத்துக்குள் தரையிலேயே தீப்பிடித்து மூன்று வீரர்கள் இறந்தார்கள். அதன் பிறகு, எளிதில் எரியக்கூடியவற்றையெல்லாம் கலத்துக்குள்ளிருந்து விலக்கினார்கள். கண்ணாடி இழையால் நெய்த பீட்டா துணியில் சின்னத்தை அச்சடித்து உடையில் தைத்தார்கள். பூத்தையல் பேட்ச் பூமியில் இருப்பவர்களுக்கானது. கடலில் விழுந்த கலத்தை மீட்கப் போன கப்பல்காரர்கள், தரைக்கட்டுப்பாட்டு ஊழியர்கள், குடும்பத்தார், கடையில் வாங்குகிற என்னைப் போன்றவர்கள்.

அச்சடித்த அந்தச் சின்னம் ஒட்டியிருந்த உடையோ முழுக்க முழுக்கத் தையல். அப்பல்லோ உடைகளைச் செய்தது டெலவேர் மாநிலம் டோவரில் இருந்த ஐஎல்சி. பிளேடெக்ஸ் என்ற பெயரில் பிராவும் இடுப்புக்கச்சையும் விற்ற அதே நிறுவனம். உள்ளாடை தைத்துப் பழகிய பெண்கள் இருபத்தொரு அடுக்குகளை ஒன்றாக இணைத்துத் தைத்தார்கள். தையல் அங்குலத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்குகூட விலகக் கூடாது. குண்டூசி ஏதும் உள்ளே தங்கிவிட்டதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். ஒரு தையல் பிசகினால் ஒரு ஆள் சாவான் என்று தெரிந்துகொண்டே நாள் முழுக்கத் தையல் மெஷினின் முன்னால் உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பாருங்கள். நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் நின்றபோது அவரைச் சுற்றி இருந்தது இந்தப் பெண்களின் வேலை. மார்பில் இருந்த கழுகு மைக்கேல் காலின்ஸுடையது. ஒரு பறவைப் புத்தகத்திலிருந்து மெல்லிய தாளை வைத்து அவர் பிரதியெடுத்தது. கழுகின் நகங்கள் பயமுறுத்துகின்றன என்று மேலிடம் சொன்னதால், அலகில் இருந்த ஆலிவ் கிளை கால்களுக்கு வந்தது. இந்தக் கதை எல்லாப் பட்டியல்களிலும் இருக்கும்.

அப்பல்லோ 11 பேட்சில் மூவரின் பெயரும் இல்லை. இதில் உழைத்த எல்லோருக்கும் உரியதாக இருக்கட்டும் என்று அவர்களே விட்டுவிட்டார்கள். நல்ல மனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்று பெயர்கள் பேட்சில் இல்லாவிட்டாலும் உலகத்துக்குத் தெரியும். பெயரை விட்டுக்கொடுப்பதற்கு முதலில் ஒரு பெயர் இருக்க வேண்டும்.

எது முதல் பேட்ச் என்ற சண்டையும் இப்படித்தான். அமெரிக்கப் பட்டியல்கள் 1965 ஆகஸ்டில் பறந்த ஜெமினி 5இலிருந்து தொடங்கும். கார்டன் கூப்பரும் பீட் கான்ராடும் கூண்டு வண்டி ஒன்றைச் சின்னமாக்கினார்கள். வெள்ளையர்கள் அமெரிக்காவின் மேற்கே பூர்வகுடிகளின் நிலங்களுக்குள் ஏறிப்போன அதே வண்டி. அதன்மேல் எட்டு நாள், இல்லையேல் ஒன்றுமில்லை என்ற பொருளில் ஒரு வாசகம். எட்டு நாள் முடியாமல் திரும்பி வந்தால் அவமானமாகிவிடுமே என்று நாசா தலைவர் ஜேம்ஸ் வெப் கவலைப்பட்டதால், அந்த வாசகத்தின்மேல் ஒரு துண்டுத் துணி வைத்து மறைத்துக்கொண்டு பறந்தார்கள்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1963 ஜூன் 16 அன்று வாலன்டினா தெரஷ்கோவா வோஸ்டாக் 6இல் புறப்பட்டார். பூமியை 48 முறை சுற்றினார். அவருடைய அழைப்புப் பெயர் சாய்க்கா, கடற்புறா. மேலே போட்டிருந்த ஆரஞ்சு அங்கிக்கு உள்ளே, அழுத்த உடையின் மார்பில் ஒரு வெள்ளைப் பறவை தைக்கப்பட்டிருந்தது. புகைப்படங்களில் தெரிவது ஆரஞ்சு அங்கிதான். வெளியே தெரியவில்லை என்பதாலோ, எதிரி நாட்டுக்காரி என்பதாலோ, பலருடைய வரிசையில் அந்தப் பறவைக்கு இடமில்லை. இரண்டுமே துணிக்குள் மறைந்து பறந்தவை. கூண்டு வண்டியின் வாசகத்தை மறைத்தது ஆண்களின் மானத்தைக் காப்பாற்ற. எட்டு நாள் முடிந்ததும் அது வெற்றிக் கதையாகிவிட்டது. தெரஷ்கோவாவுக்குப் பிறகு அடுத்த பெண் ஸ்வெத்லானா சவித்ஸ்கயா விண்ணுக்குப் போகப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. 1982இல் சல்யூட் 7 நிலையத்துக்குள் அவர் நுழைந்ததும், ஏற்கெனவே அங்கிருந்த ஆண் அவரிடம் நீட்டிய துணி, சமையலறையில் கட்டிக்கொள்கிற ஏப்ரன்.

வடிவமைத்தவர் கட்டத்தில் ஒரு பெண் பெயர் உண்டா என்று தேடினால் அப்பல்லோ 16இல் நிற்க வேண்டும். ஹூஸ்டன் மையத்தின் வரைகலைப் பிரிவில் வேலைபார்த்த பார்பரா மேடல்ஸ்கி, குழுவினரின் யோசனைகளைக் கேட்டு வரைந்தது அது. கேடயம், கழுகு, சுற்றிலும் பதினாறு நட்சத்திரங்கள். இதற்கு முந்தைய அப்பல்லோ 15இன் பேட்சை வரைந்தவர் இத்தாலிய ஆடை வடிவமைப்பாளர் எமிலியோ புச்சி. அவர் பச்சையும் நீலமுமாகக் கொடுத்ததைக் குழுவினர் சிவப்பு, வெள்ளை, நீலமாக மாற்றிய கதையையும், பள்ளங்களின் நிழலுக்குள் ரோமன் எழுத்தில் பதினைந்து ஒளிந்திருக்கும் கதையையும் சேகரிப்பாளர்கள் அலுக்காமல் சொல்வார்கள். மேடல்ஸ்கிக்குக் கதை இல்லை. சம்பளத்துக்கு வரைந்தவர்.

எனக்கு மிகவும் பிடித்த பேட்ச் அதிகாரபூர்வமானது அல்ல. 1973 ஜூலை 28 அன்று ஆலன் பீன், ஓவன் கேரியட், ஜாக் லவுஸ்மா மூவரும் ஸ்கைலேப் நிலையத்துக்குக் கிளம்பினார்கள். ஐம்பத்தொன்பது நாள் தங்கப்போகிறார்கள், உடல் குறித்த ஆய்வுகள் நிறைய. அதனால் பேட்சின் நடுவில் லியனார்டோ டாவின்சி வரைந்த அந்தப் புகழ்பெற்ற மனிதன், வட்டத்துக்குள் கைகாலை விரித்தபடி. மனித உடலின் அளவுகோல் ஆணுடல்தான் என்பதற்கு ஐரோப்பா திரும்பத் திரும்பக் காட்டும் சாட்சி அந்த ஓவியம். நாசாவுக்கு அளவுகோல் பிடித்திருந்தது, ஆனால் கூச்சம் விடவில்லை. ஆணுறுப்பை அழித்துவிட்டுத்தான் பேட்சாக்கினார்கள். மனிதன் என்றால் ஆண், ஆனால் ஆண் என்று தெரியக் கூடாது.

மூவரின் மனைவிகளும் இரகசியமாக இன்னொன்று செய்தார்கள். அதே வட்டம், அதே பூமி, அதே சூரியன். நடுவில் ஆணுக்குப் பதில் ஒரு பெண். ஓரத்தில் ஸூ, ஹெலன் மேரி, கிரேஷியா. அதை ஸ்டிக்கர்களாக்கிக் கலத்தின் அலமாரிகளுக்குள் வைத்து அனுப்பிவிட்டார்கள். மேலே போய்த் திறந்தபோதுதான் கணவர்களுக்குத் தெரிந்தது. இன்று பட்டியல்களில் இதற்கு மனைவிகள் பேட்ச் என்று பெயர். விளையாட்டு, குறும்பு என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

குறும்புதான். ஆனால் எழுத்துகளைப் பாருங்கள். ஆண்களின் பேட்சில் பீன், கேரியட், லவுஸ்மா என்று குடும்பப் பெயர்கள். பெண்கள் அந்தப் பெயர்களை எழுதினால் அது கணவர்களின் பேட்சாகவே ஆகிவிடும், ஏனென்றால் அவர்களுடைய குடும்பப் பெயரும் அதுதான். பிறந்த வீட்டுப் பெயர் போய்விட்டது, புகுந்த வீட்டுப் பெயரை ஏற்கெனவே ஒருவர் எடுத்துக்கொண்டு விண்ணுக்குப் போய்விட்டார். மிச்சம் இருப்பது கூப்பிடுகிற பெயர் மட்டும். கல்யாணத்துக்கு மறுவாரம் ரேஷன் கார்டில் இனிஷியல் மாறுகிற நமக்கு இது புரியாமல் போகாது. அந்த மூன்று முதற்பெயர்களை வெறும் செல்லமாகப் படிக்க என்னால் முடியவில்லை.

பூத்தையல் பெண்களை அடக்கமானவர்களாகப் பழக்கியது, அதே நேரத்தில் அவர்கள் எதிர்த்துப் பேசவும் ஒரு கருவியாக இருந்தது என்று ரோசிகா பார்க்கர் 1984இல் வந்த தன் புத்தகத்தில் வாதிட்டார். மனைவிகள் பேட்ச் அதற்கு நல்ல உதாரணம், ஒரு திருத்தத்தோடு. இவர்கள் ஊசியைக் கையில் எடுக்கவில்லை, அச்சடித்தார்கள். பின்னால் சேகரிப்பாளர்களுக்காகத்தான் அது பூத்தையலாகியது. கேலியாகத் தொடங்கியது சந்தைக்கு வந்ததும் அதற்கும் அளவு, ஓரம், பின்பூச்சு என்று பேதங்கள் முளைத்துவிட்டன.

பத்து ஆண்டுகள் கழித்து, 1983 ஜூனில் சாலி ரைட் விண்வெளி ஓடத்தில் பறந்தார். விண்ணுக்குப் போன முதல் அமெரிக்கப் பெண். எஸ்டிஎஸ்-7 பேட்சின் வலப்பக்கம் ஒரு சின்ன உருவம் உண்டு. ஒரு வட்டத்திலிருந்து ஐந்து கைகள் நீள்கின்றன. நான்கின் முனையில் அம்பு, ஆணுக்கான அடையாளம். ஒன்றின் முனையில் சிலுவை, பெண்ணுக்கானது. வடிவமைப்பு என்ற அளவில் அழகான தீர்வு. ஐந்து வட்டங்களை வரிசையாக நிறுத்தாமல், ஒரே வட்டத்தை ஐந்து பேரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். சிலுவைக்குத் தனி நிறம் இல்லை, தனி இடம் இல்லை.

ஆனாலும் இந்தப் பேட்சுக்கு முன்னால் பறந்த ஆறு விண்வெளி ஓடப் பயணங்களிலும் எல்லோரும் ஆண்கள். அவற்றில் எதிலும் அம்புக்குறி இல்லை. அப்பல்லோவில் இல்லை, ஜெமினியில் இல்லை. நான்கு ஆண்கள் ஆண்களாகத் தெரிய ஒரு பெண் ஏற வேண்டியிருந்தது. அதுவரை அவர்கள் வெறும் விண்வெளி வீரர்கள்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் 41-ஜி பயணம். தளபதி அதே ராபர்ட் கிரிப்பன். இம்முறை சாலி ரைடும் கேத்ரின் சல்லிவனும் என இரண்டு பெண்கள். சல்லிவன் அந்தப் பயணத்தில்தான் கலத்துக்கு வெளியே மிதந்த முதல் அமெரிக்கப் பெண்ணானார். பேட்சில், பொதுவான வட்டம் போய்விட்டது. ஓரத்தில் உள்ள பெயர்களோடு அம்பு வட்டமோ சிலுவை வட்டமோ சேர்ந்து நிற்கிறது. எஸ்டிஎஸ்-7இல் குழுவைப் பற்றிய செய்தியாக இருந்தது, இங்கே ஆளுக்கு ஒரு முத்திரை. முன்பெல்லாம் ரயில் பெட்டி முன்பதிவுச் சார்ட்டில் பெயருக்குப் பக்கத்தில் ஆ, பெ என்று போட்டதைப்போல. எனக்கு இது பின்னடைவாகத்தான் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவே 1984 ஆகஸ்டில் பறந்த ஜூடித் ரெஸ்னிக்கின் 41-டி பேட்சில், அவர் பெயர் மற்ற ஐந்து பெயர்களைப் போலவே அடையாளம் எதுவும் இல்லாமல் நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது இயல்பு என்பது தெரியும்.

41-ஜியில் நூல் செய்த வேலை ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த அடையாளங்கள் மிகச் சிறியவை. ஒவ்வொன்றுக்கும் சில தையல்கள்தான் கிடைக்கும். நல்ல பிரதியில் அம்பும் சிலுவையும் துல்லியமாகத் தெரியும். என்னிடம் இருக்கும் மலிவான பிரதியில் நூல் பருமன், அடர்த்தி குறைவு. அதில் எல்லாமே ஒரு புள்ளியும் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு துணுக்குமாக இருக்கின்றன. எது ஆண், எது பெண் என்று சொல்ல முடியாது. சேகரிப்பாளர் ஒருவர் அதைப் பார்த்து, தூக்கிப் போடுங்கள், இது தப்புப் பிரதி என்றார். நான் வைத்திருக்கிறேன். நல்ல பிரதியைவிட அதைத்தான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

கடைசியாக எஸ்டிஎஸ்-107. கல்பனா சாவ்லாவின் இரண்டாவது பயணம், கொலம்பியாவின் கடைசிப் பயணம். 2003 பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும் வழியில் கலம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். அந்தப் பேட்சின் பெரும்பகுதியை வடிவமைத்தவர் அவர்களில் ஒருவரான லாரல் கிளார்க், கடற்படை மருத்துவர். பேட்சின் வெளிவடிவமே விண்வெளி ஓடத்தின் வடிவம். நடுவில் நுண்ஈர்ப்பைக் குறிக்கும் கிரேக்க எழுத்து, கீழே விடியல், ஒரு பக்கம் புறா என்று பெயர்கொண்ட விண்மீன் கூட்டம். அதன் ஏழு நட்சத்திரங்கள் ஏழு பயணிகளுக்கும் ஆகும். ஏழு பெயர்களில் இரண்டு பெண்களுடையவை. யாருக்கும் அம்பும் இல்லை, சிலுவையும் இல்லை. இலான் ரமோனுக்காக இஸ்ரேலியக் கொடி மட்டும் இருக்கிறது.

தைப்பவருக்கு இது சிரமமான வடிவம். இறக்கைகள் உடலோடு சேரும் இடத்தில் உள்மடிப்பான மூலைகள் வருகின்றன. மெரோ இயந்திரத்தில் விரலால் சுற்றிக்கொண்டு வர அவை இடம் கொடுக்காது. ஓரத்தை முதலிலேயே நெருக்கித் தைத்துவிட்டு, அந்தக் கோட்டை ஒட்டி வெட்டி எடுக்க வேண்டும். அதனால் பின்புறம் வாலும் இருக்காது. கிளார்க் இதையெல்லாம் யோசித்து வரைந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் என் ஆல்பத்தில் இந்தப் பக்கத்தில்தான் நிற்பார்கள். சாவ்லா என்ற எழுத்துகளை விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். பிறகு, ஏன் இந்தியக் கொடி இல்லை என்று கேட்பார்கள். அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, அமெரிக்க விண்வெளி வீரராகப் பறந்தவர் என்று சொல்வேன். இதை வரைந்தது யார் என்று இதுவரை ஒருவர் கேட்டார். பத்தாம் வகுப்பு படிக்கிற பெண். பெயரைச் சொன்னதும் பேட்சில் அந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடினாள். கிளார்க் என்று மட்டும்தான் போட்டிருக்கும் என்றேன். கண்டுபிடித்தாள்.